நவம்பரில் இருவருக்கு எந்தச் சட்டி?

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் ரொறன்ரோவில் சமையல் நேரமும் இடம்மாறிப் போகிறது. மாதக் கடைசியில் மாலை 4.45க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குக் குசினி யன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிடும். வேலைக்குப் போன காலத்தில் இருட்டிய பின்னர் வந்துதான் உலை வைத்தோம். வேறு வழி இருக்கவில்லை. ஓய்வுபெற்ற பின்னர் வழி இருக்கிறது, உடம்புதான் முன்போல் இல்லை. காலை பத்து மணிக்குச் சளைக்காமல் வெங்காயம் வெட்டும் கை, மாலை ஐந்து மணிக்குத் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதோடு நின்றுகொள்கிறது.

பிள்ளைகளும் இந்த மாதத்தில்தான் கேட்பார்கள். மலிவு விற்பனை அறிவிப்புகள் வந்து குவிகிற நேரம். "அம்மா, ஸ்லோ குக்கர் வாங்கித் தரவா, இன்ஸ்டன்ட் பொட் வாங்கித் தரவா?" இரண்டில் ஒன்று என்று அவர்கள் கேட்டாலும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு தமிழ்த் தம்பதிக்கு வழிகள் அதற்கு மேல் உண்டு. ஏற்கெனவே வீட்டில் விசில் அடித்துக்கொண்டிருக்கும் பழைய பிரஷர் குக்கர் இருக்கிறது. கனத்த இரும்புச் சட்டியை ஓவனுக்குள் வைத்து மறந்துவிடலாம். ஒன்றுமே சமைக்காமல், இடியப்பமும் சொதியும் சம்பலும் விற்கிற கடைக்குப் போய்வரலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்புக்கும் பயறுக்கும் பழைய குக்கரே போதும். புதிதாக ஏதேனும் வாங்கியே ஆகவேண்டுமென்றால், மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியான ஸ்லோ குக்கர், சிறியதாக ஒன்று. இன்ஸ்டன்ட் பொட் போன்ற மின்சாரப் பிரஷர் குக்கர் கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் அது விற்பது நிமிடங்களை. எங்களிடம் இல்லாதது நிமிடம் அல்ல, மாலை நேரத்துத் தெம்பு. ஸ்லோ குக்கர் ஒரு வேலையைத்தான் உருப்படியாகச் செய்கிறது: மாலைச் சமையலின் பாரத்தைக் காலைக்கு நகர்த்துகிறது. அதை வேலைக்குப் போகிறவர்களின் கருவி என்று விளம்பரம் செய்தார்கள். வீட்டிலேயே இருக்கிறவர்களுக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். வெளியே போகிறவர் எட்டு மணித்தியாலமும் அதன் தயவில் விட்டுவிட்டுப் போகவேண்டும். நாங்கள் பக்கத்து அறையிலேயே இருக்கிறோம். தேங்காய்ப்பால் விடவேண்டிய நேரத்தில் எழுந்து போய் விடலாம்.

மெதுவாக வேகிற சட்டி

அதன் பிறப்பே ஒரு சமய வழக்கத்தில்தான் தொடங்குகிறது. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியியலாளருக்கு அவருடைய தாயார் ஒரு கதை சொன்னார். லிதுவேனியாவின் வில்னா நகரில், வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன், அவரவர் வீட்டுச் சட்டியில் அவரையும் கிழங்கும் இறைச்சியும் போட்டு ஊர் வெதுப்பகத்தின் சூளைக்குள் வைத்துவிடுவார்களாம். யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தில் நெருப்பு மூட்டக் கூடாது. வெதுப்பக அடுப்பில் மிஞ்சிய சூட்டிலேயே இரவெல்லாம் வெந்து, மறுநாள் சாப்பாடு தயாராக இருக்கும். நாக்ஸன் அதை மின்சாரச் சட்டியாக்கி 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரிவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. மறு ஆண்டு 'கிரொக்-பொட்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. விரதத்துக்கும் சமையலுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

உள்ளே நடப்பது எளிமையானது. கனத்த பீங்கான் பாத்திரத்தின் சுற்றுச்சுவரில் சூடேற்றும் கம்பி. மூன்றரை லீற்றர் அளவுள்ளது ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் எடுக்கும். பெரியது 250 முதல் 300 வரை. குறைந்த சூடு, கூடிய சூடு என்று இரண்டு நிலைகள். பல மாடல்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அதே சூட்டுக்குத்தான். எவ்வளவு விரைவாகப் போய்ச் சேருகிறது என்பதே வேறுபாடு. கூடிய சூட்டில் மூன்று, நான்கு மணித்தியாலம் எடுப்பது குறைந்த சூட்டில் ஏழு, எட்டு எடுக்கும்.

எலும்போடு வெட்டிய ஆட்டிறைச்சிக்கு இது வரப்பிரசாதம். ஆட்டின் தொடையிலும் முன்னங்காலிலும் இருக்கும் சவ்வு 70 பாகை செல்சியஸுக்கு மேல் பல மணித்தியாலம் இருந்தால்தான் கரைந்து பசையாகும். பிரஷர் குக்கரும் அதை வேகமாகக் கரைக்கும். ஆனால் ஒரு விசில் கூடினால் இறைச்சி நார் நாராகப் பிரிந்துவிடும். குறைந்தால் பல்லுக்கு வேலை. பல்லைப் பற்றி நவம்பரில் யோசிக்காத ஓய்வூதியர் கிடையாது. ஸ்லோ குக்கரில் அரை மணித்தியாலம் முன்பின் ஆனாலும் கறி மன்னித்துவிடும். எலும்பு சூப், பார்லிக் கஞ்சி, உழுந்துக் கஞ்சி, பூசணிக்காய் சூப் எல்லாம் இதே வகை.

பூசணியைச் சொன்னதால் ஒரு குறிப்பு. ஒக்டோபர் 31, ஹாலோவீன் முடிந்ததும் கடைகளில் வாசலுக்கு வைக்கிற பெரிய செம்மஞ்சள் பூசணி சல்லிசாகக் கிடைக்கும். அது விளக்கு வைக்கவே வளர்ந்தது. நாரும் தண்ணீருமாக இருக்கும், சுவை இல்லை. பட்டர்நட் பூசணியை அல்லது பச்சைத்தோல் கபோச்சாவை வாங்குங்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹொலண்ட் மார்ஷ் கரிய மண்ணில் விளைந்த கரட்டும் வெங்காயமும் இந்த மாதத்தில் பெரிய பைகளில் வரும். பீட்ரூட், லீக்ஸ், கோவா எல்லாம் மலிவு. ஒன்ராறியோவின் இலையுதிர்காலக் கடைசி தருகிற காய்களில் முக்கால்வாசி மெதுவாக வேகவைக்க ஏற்ற கிழங்குகளும் பூசணிகளும்தான்.

இனி அதன் குறைகள். அவை சில்லறைக் குறைகள் அல்ல.

முதலாவது, அது எதையும் வதக்காது. தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாத சட்டியில் வெங்காயம் பொன்னிறமாகாது, தூள் வறுபடாது. பச்சையாக எல்லாவற்றையும் போட்டு மூடினால் மாலையில் கிடைப்பது கறி அல்ல, வேகவைத்த இறைச்சியும் தூள் கரைத்த தண்ணீரும். ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் 'எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போங்கள்' என்று எழுதியிருப்பது எங்கள் நாக்குக்குச் சரிவராது. காலையில் தாச்சியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, றம்பை இலை வதக்கி, யாழ்ப்பாணத்துத் தூளைப் போட்டுப் பிரட்டி, இறைச்சியையும் அதில் ஒரு தரம் புரட்டிய பின்னரே சட்டிக்குள் தள்ளவேண்டும். இதற்கு இருபது நிமிடமும் கழுவ ஒரு தாச்சியும் ஆகும். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க வாங்குகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர் வற்றாது. மூடிக்குள் எழும் ஆவி திரும்பவும் உள்ளேயே சொட்டும். அடுப்பில் விடுகிற தண்ணீரில் பாதி போதும். தேங்காய்ப்பால் கடைசி அரை மணித்தியாலத்தில். முதலிலேயே விட்டால் திரிந்துபோகும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பின்னர். மூடியைத் திறந்து பார்த்தால் போன சூடு திரும்பிவர இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். எங்கள் வீட்டில் இவருக்கு இது விளங்கவே இல்லை. வாசம் வந்தால் திறந்து பார்ப்பது தன் பிறப்புரிமை என்கிறார்.

மூன்றாவதுதான் கவனிக்கவேண்டியது. ராஜ்மா என்கிற சிவப்பு அவரையில் இயற்கையாக ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூட்டில் அழியாது; அரைவேக்காட்டில் பச்சை விதையைவிடக் கூடுதலாகவும் போகக்கூடும். சாப்பிட்ட சில மணித்தியாலங்களில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எழுபது வயதில் உடம்பில் நீர் வற்றினால் அது மருத்துவமனையில் கொண்டுபோய் விடும். குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்கவைத்த பின்னரே சட்டிக்குள் போடவேண்டும். இவ்வளவும் செய்வதற்குப் பதில் பிரஷர் குக்கரில் போட்டுவிடலாம் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள். தகரத்தில் வருகிற ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. அதற்குப் பயம் இல்லை.

ஃப்ரீசரில் இருந்து எடுத்த இறைச்சியைக் கட்டியாகவே போடுவதும் ஆபத்து. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே உணவு அதிக நேரம் கிடந்தால் கிருமி பெருகும். உறைந்த கட்டி அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைக்கவேண்டும். ஆக, இந்தச் சட்டிக்குத் திட்டம் வேண்டும். நாளை என்ன சாப்பிடுவது என்று இன்றிரவே தெரிந்திருக்கிற ஆட்களுக்குத்தான் அது உதவும்.

நிமிடங்களை விற்கிற சட்டி

இன்ஸ்டன்ட் பொட் எங்கள் அயலூர்ப் பிள்ளை. ஒட்டாவாவில் ரொபர்ட் வாங் என்பவரும் கூட்டாளிகளும் உருவாக்கி 2010இல் விற்பனைக்கு விட்டது. இந்த வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அடுப்பில் வைக்கும் குக்கர் 15 பவுண்ட் அழுத்தத்தில் 120 பாகை வரை போகும்; மின்சாரக் குக்கர்கள் பொதுவாக அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். அதனால் பழைய குக்கரைவிட அது வேகமானது என்று சொல்ல முடியாது. அதன் உண்மையான பலம், தானாகவே அணைந்துகொள்வது.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்ததை மறந்துபோவதுதான் வீட்டுத் தீவிபத்துகளின் பெரிய காரணம். காது மந்தமாகிவிட்ட வீட்டில் விசில் எத்தனை என்று எண்ணுவது யார்? இவர் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருப்பார். நான் மேல்மாடியில் தொலைபேசியில் இருப்பேன். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஞாபகம் தளர்ந்திருக்கிறது அல்லது அடுப்பை அணைத்தோமா என்று படி ஏறி இறங்குகிற பழக்கம் வந்திருக்கிறது என்றால், மேலே நான் சொன்ன கட்சியை மறந்துவிடுங்கள். பழைய குக்கரை யாருக்காவது கொடுத்துவிட்டு மின்சாரக் குக்கரை வாங்குங்கள். அப்படிப்பட்ட வீட்டில் மற்ற எந்த ஒப்பீட்டுக்கும் இடமில்லை.

மின்சாரச் செலவிலும் அதுதான் வெல்லும். பலர் ஸ்லோ குக்கர் மிகச் சிக்கனம் என்று நம்புகிறார்கள். 250 வாட் சட்டி எட்டு மணித்தியாலம் முழுச் சூட்டில் ஓடினால் 2 யூனிட். 1000 வாட் பிரஷர் குக்கர் சூடேறும்வரைதான் முழுதாக இழுக்கும். பிறகு விட்டுவிட்டு இழுக்கும். ஒரு கறிக்கு அரை யூனிட்டைத் தாண்டுவது அரிது. ஓவன் மூன்று மணித்தியாலம் ஓடினால் ஸ்லோ குக்கரைவிடக் கூடவே ஆகும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு நவம்பர் 1ஆம் தேதி முதல் குளிர்கால அட்டவணை: வார நாள்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்சக் கட்டணம், பகல் 11 முதல் 5 வரை நடுத்தரம், இரவு 7 முதல் காலை 7 வரையும் வார இறுதி முழுவதும் மலிவு. மாலை ஐந்தரைக்கு அடுப்பை மூட்டினால் உச்சக் கட்டணத்தின் நடுவில் மூட்டுகிறீர்கள். ஆனாலும் ஒரு சட்டிக்கு வருகிற வித்தியாசம் சில சதங்கள்தான். அதைக் கணக்குப் பார்த்து நடுச்சாமத்தில் ஸ்லோ குக்கரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களைத் தெரியும். விடிகாலை மூன்று மணிக்கு ஆட்டுக்கறி வாசத்தில் விழித்துப் பசியோடு படுத்திருப்பது என்ன சிக்கனமோ.

மின்சாரக் குக்கரை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம் அதன் முகத்தில் இருக்கும் பொத்தான்கள். சோறு, சூப், அவரை, தயிர், கேக் என்று வரிசையாக இருக்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசிக்கவேண்டும். வாங்கிக் கொடுத்த மகன் வந்து சொல்லித்தந்த இரண்டு பொத்தான்களைத் தவிர மற்றவை தீண்டப்படாமலே இருக்கும் வீடுகள் அதிகம். அதிலேயே ஸ்லோ குக்கர் பொத்தானும் இருக்கிறதே, ஒன்றே இரண்டு வேலையும் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும், அரைமனதோடு. அதன் சூடு அடியில் இருந்து மட்டும் வருகிறது. பீங்கான் சட்டியின் சுற்றுச்சூடு இல்லாததால் பலவற்றில் கறி நேரத்துக்கு வேகாது. திருகுப்பிடி ஒன்றே ஒன்று வைத்த பழைய பாணி ஸ்லோ குக்கருக்கு வாசிப்பே வேண்டாம். இருட்டில் கைவைத்தாலும் தெரியும். ஆனால் திருகுப்பிடி தானாக அணையாது. நேரம் முடிந்ததும் 'சூடாக வைத்திரு' நிலைக்குத் தானே மாறுகிற மாடல், மருத்துவரிடம் போய்க் காத்திருக்கும் நாள்களுக்கு நல்லது. நவம்பரில் அப்படிப்பட்ட நாள்கள் இருக்கும்: காய்ச்சல் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, கண்.

மச்சமும் சைவமும்

சமையல் கருவி ஒப்பீடுகள் எதிலும் வராத கேள்வி இது. எங்கள் வீடுகளில் பலவற்றில் முதல் கேள்வியே இதுதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கந்தசஷ்டி வருகிறது, வெள்ளிக்கிழமை வருகிறது, அதற்குமேல் அவரவர் வீட்டுத் திவசங்கள். மச்சம் சமைத்த பாத்திரத்தில் விரதச் சாப்பாடு சமைக்காத வீட்டில் ஒரே ஒரு பெரிய கருவி வாங்குவது அரைக் கருவி வாங்கியதற்குச் சமம்.

மின்சாரப் பிரஷர் குக்கரின் மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையம் ஆட்டுக்கறி வாசத்தைப் பிடித்தால் விடாது. வினாகிரியில் ஊறவைத்தாலும் அடுத்த பாயசத்தில் தலைகாட்டும். வளையம் தனியாக விற்கிறார்கள். சைவத்துக்கு ஒன்று, மச்சத்துக்கு ஒன்று. உள்பாத்திரமும் தனியாகக் கிடைக்கும். ஸ்லோ குக்கரின் பளபளப்புப் பூசிய பீங்கானில் வாசம் தங்குவது குறைவு. அதற்காக மாமியார் ஒத்துக்கொள்வார் என்று சொல்ல வரவில்லை. சிறிய ஸ்லோ குக்கரின் விலைக்கு அதை மச்சத்துக்கென்றே ஒதுக்கிவிட்டு, விரத நாளில் பருப்பையும் பயறையும் பழைய குக்கரில் வைத்துக்கொள்வது என் யோசனை. கடலையும் கௌபியும் எப்படியும் பிரஷர் குக்கரில்தான் நன்றாக வேகின்றன. பழப்புளியும் தக்காளியும் சேர்ந்தால் பருப்பு வகைகள் மெதுவாக வேகவே மறுக்கும். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகும் கடலை பல்லில் கடிபடும்.

வாசத்தைப் பற்றி இன்னொன்று. நவம்பரில் யன்னல் திறக்க முடியாது. எட்டு மணித்தியாலம் கறி வெந்தால் எட்டு மணித்தியாலமும் வாசம். வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் தொங்கும் குளிர்ச்சட்டைகள் அதை அப்படியே குடித்துவிடும். மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் வீட்டு மெனு தெரியும். அலுமாரிக் கதவை மூடி வையுங்கள், அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் கீழே சட்டியை வையுங்கள். சிலர் கராஜுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். மீன் பொரிக்கக் கராஜில் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் இது இயல்பான யோசனைதான். ஆனால் கராஜ் குளிரில் 200 வாட் சட்டி உள்ளே போதிய சூட்டை எட்ட முடியாமல் திணறும், அதோடு எக்ஸ்டென்ஷன் வயரில் செருகுவதும் நல்லதல்ல. மீனைக் கராஜிலேயே பொரியுங்கள், சட்டி வீட்டுக்குள் இருக்கட்டும். மீன்குழம்புக்கு இந்தச் சட்டி தேவையே இல்லை. அடுப்பில் பதினைந்து நிமிடத்து வேலை.

மற்ற இரண்டு

ஓவனுக்குள் வைக்கும் கனத்த இரும்புச் சட்டி சுவையில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அதிலேயே வதக்கலாம், அதிலேயே வேகவைக்கலாம், குழம்பும் வற்றித் திரளும். குளிர்நாளில் ஓவன் வீட்டையும் சூடாக்கும். ஆனால் நிறைந்த சட்டி, மூடியோடு, ஏழெட்டுக் கிலோ. அதைக் குனிந்து, 150 பாகைச் சூட்டில் இருந்து, இரண்டு கையாலும் வெளியே எடுக்கவேண்டும். தோள் மூட்டு வலிக்கு மருந்து எடுப்பவர் அந்தச் சட்டியை மருமகளுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்லோ குக்கரிலும் இதே எச்சரிக்கை உண்டு. ஆறு லீற்றர் பீங்கான் நிறைந்திருக்கும்போது தூக்க முடியாது. தூக்கவும் தேவையில்லை, அங்கேயே இருந்து அகப்பையால் பரிமாறலாம். கழுவும்போதுதான் தெரியும். சூடான பீங்கானில் குளிர்தண்ணீர் விட்டால் வெடித்துவிடும், ஆறவிட்டே கழுவவேண்டும்.

கடைச் சாப்பாடு. இதை ஒரு தோல்வியாக யாரும் நினைக்கவேண்டியதில்லை. இருவருக்கு இடியப்பம் பிழிந்து, அவித்து, உரலைக் கழுவுகிற வேலையைவிட ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் போய்வருவது மலிவு. அங்கே இடியப்பம், புட்டு, சோறு எல்லாம் கிடைக்கும். உப்பும் எண்ணெயும்தான் உங்கள் கையில் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் கறியை வீட்டில் வைத்து, இடியப்பத்தை மட்டும் வாங்கலாம். இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் என் கணிப்பில் நவம்பருக்கான சிறந்த ஏற்பாடு. காலையில் கறியைப் போட்டுவிட்டு, கடைத்தொகுதிக்குள் நடைப்பயிற்சிக்குப் போய், திரும்பும் வழியில் இடியப்பம் வாங்கி வரலாம். வெளியே நடைபாதையில் பனி உறைந்து வழுக்கும் நாள்களில் பலர் ஸ்காபரோ டவுன் சென்டருக்குள்தானே நடக்கிறோம். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் பொறுப்பும் இருந்தால், மாலை நாலரைக்குப் பசியோடு நிற்கும் பிள்ளைக்கு எலும்பு சூப் ஆயத்தமாக இருப்பதன் பெறுமதி தெரியும்.

எந்த அளவு, எங்கே வாங்குவது

இருவருக்கு மூன்றரை லீற்றர். பிள்ளைகள் ஆறு லீற்றரைத்தான் வாங்கித் தருவார்கள், விலை வித்தியாசம் குறைவு என்று. இரண்டு பேருக்கான கறி அதன் அடியில் மெல்லிய படையாகக் கிடந்து ஓரங்களில் தீய்ந்துபோகும். சட்டி பாதிக்கு மேலும் முக்காலுக்குக் கீழேயும் நிறைந்திருந்தால்தான் ஒழுங்காக வேகும். கிழங்குகள் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவை அடியிலும் ஓரத்திலும், இறைச்சி மேலே. மூன்றரை லீற்றரில் இருவருக்கு இரண்டு வேளையும் ஃப்ரீசருக்கு ஒரு வேளையும் வரும். மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் தட்டையான பெட்டிகளில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். மறுநாள் அதைச் சூடாக்க அடுப்பையோ மைக்ரோவேவையோ பயன்படுத்துங்கள். ஸ்லோ குக்கர் குளிர்ந்த உணவைச் சூடாக்குவதற்குள் நேரம் கடந்துவிடும்.

புதிது வாங்கத்தான் வேண்டுமென்றில்லை. பழைய பொருள் கடைகளில் ஸ்லோ குக்கர் குவிந்து கிடக்கும். கலியாணப் பரிசாக வந்து ஒரு தரம் பயன்படுத்தி ஒதுக்கியவை. வாங்கியதும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் விட்டு, மூடி, குறைந்த சூட்டில் எட்டு மணித்தியாலம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியால் அளக்கவேண்டும், தாமதித்தால் சூடு இறங்கிவிடும். 85 முதல் 93 பாகைக்குள் இருந்தால் நல்ல சட்டி. அதற்கு மேல் இருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு முன்பே இறக்குங்கள். 85க்குக் கீழே என்றால் பீங்கானை மட்டும் எடுத்து ஊறுகாய் போட வைத்துக்கொண்டு, மிச்சத்தை மின்கழிவில் போட்டுவிடுங்கள்.